பேசும் உரிமையும் கேட்கும் கடமையும்

சென்ற ஆண்டு சூன் மாதத்தில் ஒரு மாலை. திரு இருதய வணக்கம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு அறைவீட்டிற்கு வந்தார். அப்பெண்ணுக்கு அமெரிக்கப் பல்கலைக் கழகமொன்றில் வேதியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறார் என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கையில் ஒரு கற்றைத் தாள் இருந்தது. வகுப்புகள் தொடங்குமுன் புதிய மாணவர் ஒவ்வொருவரும் கணினிவழி முடித்தாகவேண்டிய பாடமொன்றின் அச்சுப்படி அது. பாலியல் தொல்லை எது, இசைவு எது, எவரிடம் முறையிடுவது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குள்ள உரிமைகள் யாவை என்றெல்லாம் அதில் விளக்கியிருந்தது.

"சாமி, வேதியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் எதற்கு? இதையெல்லாம் எழுதி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடமென்றால், அது பெண்பிள்ளையை அனுப்பக்கூடிய இடந்தானா?" என்று கேட்டார். மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை.

தந்தையின் கேள்வி நியாயமானதே. அதற்கு ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. அந்தத் தாள்களுக்குப் பின்னே அறுபது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொண்டாலன்றி, அவை எதற்காக எழுதப்பட்டன என்பது விளங்காது. அன்று அவரிடம் கூறியதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறோம். தம் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள கல்விக்கூடங்களுக்கு அனுப்பும் பெற்றோர் பலருக்கும் இது பயன்படலாம்.

காரின்மேல் ஏறிய மாணவர்

கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி பல்கலைக் கழக வளாகத்தினுள் மாணவர் அரசியல் பேசவும், நிதி திரட்டவும், ஆள் சேர்க்கவும் முன்னாளில் தடை இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட மாணவர், வளாக வாயிலில் மேசையிட்டு நிதி திரட்டி வந்தனர். 1964ஆம் ஆண்டு செப்டம்பரில் நிர்வாகம் அதனையும் தடுத்தது. அக்டோபர் முதல் நாள், மேசையருகே இருந்த ஒருவரைக் காவலர் பிடித்துக் காரில் ஏற்றினர். மாணவர் திரண்டு அந்தக் காரைச் சூழ்ந்து அமர்ந்துவிட்டனர். 32 மணி நேரம் கார் நகரவில்லை. அதன் கூரையே மேடையாயிற்று. மாரியோ சாவியோ என்னும் மாணவர், கூரை சேதமடையலாகாதென்று காலணிகளைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறிப் பேசினார். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பூசைக்கு உதவிசெய்யும் சிறுவனாய் வளர்ந்தவர். அவ்வாண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்திற்குச் சென்று, கறுப்பின மக்கள் வாக்காளராய்ப் பதிவு செய்துகொள்ள உதவிவிட்டுத் திரும்பியவர்.

டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்தினுள் அமர்ந்து போராடிய ஏறத்தாழ 800 பேர் கைதாயினர். அடுத்த சில நாள்களில், டிசம்பர் 8 அன்று, பேராசிரியர் பேரவை கூடி 824க்கு 115 என்ற வாக்குக் கணக்கில் மாணவர் பக்கம் நின்றது. பேச்சின் பொருளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பல்கலைக் கழகத்திற்கு இல்லை என்னும் கொள்கை அன்று வேரூன்றியது. அமெரிக்கக் கல்விக்கூடங்கள் இன்றளவும் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்ச்சி இது.

பேசும் உரிமை கிடைத்துவிட்டது. ஆயினும் அந்த வளாகங்களில் எவரும் வாய்விட்டுப் பேசாத துன்பம் ஒன்று இருந்தது. அதற்கு அப்போது பெயர்கூட இல்லை.

பெயரில்லாத துன்பம்

நியூயார்க் மாநிலத்து இத்தக்கா நகரில் கார்னெல் பல்கலைக் கழகம் உள்ளது. அங்கே அலுவலகப் பணியாற்றியவர் கார்மிட்டா உட் என்னும் பெண்மணி. பேராசிரியர் ஒருவர் அவரிடம் தகாத முறையில் நடந்துவந்தார். உடல்நலம் குன்றுமளவு மனம் நொந்த அப்பெண்மணி 1974இல் வேலையை விட்டார். வேலையற்றோருக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். "சொந்தக் காரணத்திற்காக விலகினார்" என்று கூறி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டனர். உண்மைக் காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. சொல்லவும் மொழியில் ஒரு பெயரில்லை.

அவர் தம் கதையைப் பிற பெண்களிடம் கூறியபோது வியப்பான ஒன்று நிகழ்ந்தது. கேட்டிருந்த ஒவ்வொருவரும், தமக்கும் இவ்வாறு நேர்ந்ததுண்டு என்றனர். தனக்கு மட்டும் நேர்ந்த இழிவு என்று எண்ணி ஒவ்வொருத்தியும் மூடி வைத்திருந்தது, பலருக்கும் பொதுவான அநீதி என்பது அன்றுதான் தெரிந்தது. அவர்கள் கூடி அதற்கு இட்ட பெயரையே நாம் இன்று பாலியல் தொல்லை என்று தமிழில் வழங்குகிறோம். 1975ஆம் ஆண்டு மே மாதம் இத்தக்கா நகரில் பெண்கள் ஒன்றுகூடி, தமக்கு நேர்ந்ததை முதன்முறையாக அந்தப் பெயர் சொல்லிப் பொதுவில் பேசினர்.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1972இல், அரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேறுபாடு காட்டலாகாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. ஒன்பதாம் பிரிவு என்பது அதன் வழக்குப் பெயர். யேல் பல்கலைக் கழகம் 1969இல்தான் தன் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்திருந்தது. 1977இல் அங்குப் பயின்ற பெண்கள் சிலர் இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தனர். தன் விருப்பத்திற்கு இணங்கினால் உயர்ந்த மதிப்பெண் தருவதாக ஆசிரியர் கூறினார் என்பது அவர்களுள் ஒருவரின் முறையீடு.

அவர்கள் பணம் கேட்கவில்லை என்பதை நம் வாசகர் கவனிக்க வேண்டும். முறையீட்டைக் கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்றே கேட்டனர். 1980இல் மேல்முறையீட்டு மன்றத்திலும் வழக்குத் தோற்றது. ஆனால் மதிப்பெண்ணுக்கு உடலை விலையாகக் கேட்பது பால் வேறுபாடு காட்டும் செயலே என்னும் கருத்தை நீதிமன்றம் வழக்கின் தொடக்கத்திலேயே ஏற்றிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பல்கலைக் கழகமும் முறையீட்டு அமைப்பொன்றை நிறுவியது. நாளடைவில் நாடெங்கும் கல்லூரிகள் அவ்வாறே செய்தன. வழக்கில் தோற்றவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது!

சொல்லைத் தண்டிக்கலாமா?

இங்குதான் சிக்கல் எழுந்தது. தொல்லை பெரும்பாலும் சொல்லால் நிகழ்வது. சொல்லோ பேச்சுரிமையின் பாதுகாப்பில் உள்ளது. எந்தச் சொல்லைத் தடுப்பது? எதை விடுவது?

மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் இனவெறிப் பேச்சும் துண்டறிக்கையும் பரவியதால், 1988இல் நிர்வாகம் கடுமையான பேச்சு விதி ஒன்றை வகுத்தது. இனம், பால் முதலியவற்றைக் காட்டி எவரையும் இழிவுபடுத்தும் பேச்சு தண்டனைக்குரியதாயிற்று. நோக்கம் நல்லதே. ஆனால் உயிரியலும் உளவியலும் இணைந்த துறையில் ஆராய்ந்த மாணவர் ஒருவர், ஆண் பெண் இயல்பு வேறுபாடுபற்றிய கோட்பாடுகளை வகுப்பில் விவாதித்தாலே தாம் தண்டிக்கப்படக்கூடும் என்று அஞ்சி நீதிமன்றம் சென்றார். 1989இல் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. எது குற்றம் என்பதை அறிய முடியாத அளவு அதன் சொற்கள் தெளிவற்றிருந்தன.

நியூஹாம்ப்சயர் பல்கலைக் கழகத்தில் மற்றொரு நிகழ்ச்சி. எழுதும் கலையைக் கற்பித்த பேராசிரியர் ஒருவர், பொருளை நோக்கிக் குவியும் எழுத்தை விளக்க உடலுறவை உவமையாக்கினார். மாணவியர் சிலர் மனம் புண்பட்டு முறையிட்டனர். ஊதியமின்றி அவர் விலக்கி வைக்கப்பட்டார். 1994இல் நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தும்படி ஆணையிட்டது. அந்த உவமை நமக்கு உவப்பானதன்று. இளம் பெண்கள் அமர்ந்துள்ள வகுப்பில் நல்லாசிரியர் வேறு உவமை தேடியிருப்பார். ஆனால் நயமற்ற பேச்சு வேறு; மதிப்பெண்ணைக் காட்டி இணங்கச் சொல்வது வேறு. முன்னதை ஆசிரியரிடமே எடுத்துச் சொல்லித் திருத்தலாம். பின்னது அதிகாரத்தைக் கொண்டு செய்யும் கொடுமை. இவ்விரண்டையும் ஒரே குற்றமாக்கினால் பின்னதன் கொடுமை குறைந்து தோன்றும்.

1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. மாணவர் மாணவருக்கு இழைக்கும் தொல்லைக்குக் கல்விக்கூடம் எப்போது பொறுப்பாகும் என்பது கேள்வி. தொல்லை கடுமையானதாகவும், பரவலானதாகவும், நடுநிலையாளர் எவரும் பொறுக்க இயலாததாகவும் இருந்து, அதனால் ஒருவர் கல்வி வாய்ப்பையே இழக்கும் நிலை வரவேண்டும். அதை அறிந்தும் நிர்வாகம் பாராமுகமாய் இருந்திருக்கவேண்டும் என்றது தீர்ப்பு. இந்த எல்லை மிகக் குறுகியதென்று சிலரும், தக்கதென்று சிலரும் இன்றும் வாதிடுகின்றனர்.

வாதத்திலே ஈடுபடுவதே ஆபத்தாவதும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகப் பேராசிரியை லாரா கிப்னிஸ், இவ்விதிகள் அளவு மீறிவிட்டன என்று 2015இல் கட்டுரை எழுதினார். அக்கட்டுரைக்காகவே ஒன்பதாம் பிரிவின் கீழ் அவர்மீது முறையீடு வந்தது. விசாரணைக்குப் பின் குற்றமில்லையென விடுவிக்கப்பட்டார். விதியைக் குறைகூறியதற்காக அவ்விதியின் கீழேயே ஒருவர் விசாரிக்கப்பட்டது பலரையும் சிந்திக்க வைத்தது.

இசைவு என்னும் சொல்

அந்தத் தந்தையை மிகவும் கலங்கச் செய்தது இசைவுபற்றிய பகுதியே. அதன் தொடக்கம் ஒகாயோ மாநிலத்திலுள்ள அந்தியோக் என்னும் சிறு கல்லூரி. 1991இல், மாணவியர் போராட்டத்தின் பயனாக, உடலுறவில் ஒவ்வொரு நிலையிலும் மற்றவரின் இசைவை வாய்மொழியாகக் கேட்டுப் பெறவேண்டும் என்று அக்கல்லூரி விதித்தது. 1993இல் செய்தி பரவியபோது நாடே நகைத்தது. தொலைக்காட்சியில் கேலி நாடகம் போட்டனர். ஆனால் 2014இல் கலிபோர்னியா மாநிலம், மௌனம் இசைவாகாது என்னும் கொள்கையைக் கல்லூரிகள் ஏற்கவேண்டுமென்று சட்டமே இயற்றியது. அதற்குக் கையொப்பமிட்ட ஆளுநர் ஜெரி பிரௌன், இளமையில் சேசுசபை நவதுறவியாய் இருந்தவர்.

திருமணத்திற்குப் புறம்பான உறவை நாம் ஏற்பதில்லை. இசைவு இருந்துவிட்டால் எதுவும் சரியாகிவிடும் என்னும் எண்ணத்தையும் ஏற்பதில்லை. வேலி பயிராகாது, சட்டம் கற்பாகாது. ஆயினும் பயிருக்கு வேலி வேண்டாமென்று எந்த உழவனும் கூறுவதில்லை.

மேலும், இசைவு நமக்குப் புதிய சொல்லன்று. திருமணத்தை உருவாக்குவது மணமக்களின் இசைவே என்பது திருச்சபைச் சட்டம். அச்சத்தாலோ வன்முறையாலோ பெற்ற இசைவு இசைவாகாது, அத்திருமணம் செல்லாது. ஆகவேதான் ஓலை வாசிக்குமுன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே அழைத்துக் கேட்கிறோம். பெண்ணின் தந்தையைக்கூட அப்போது வெளியே இருக்கச் சொல்கிறோம். அவர் முன்னிலையில் அவள் தலையை அசைத்துவிடுவாள் என்பது நமக்குத் தெரியும். பங்குப் பணியில் நாம் கண்ட உண்மை இது: பெண்ணின் மௌனம் பல வேளைகளில் சம்மதமாயிராது. திருமணத்திற்கு நாம் கேட்கும் கேள்வியை ஒரு கல்லூரி தன் மாணவரிடம் கேட்கச் சொன்னால் அதை நகைப்பானேன்?

தனித்தனியே விசாரித்த தானியேல்

இனி, முறையீட்டை எவ்வாறு விசாரிப்பது? அமெரிக்காவில் இன்று கடும் பூசல் நிகழ்வது இதைப்பற்றியே. 2011இல் அரசின் கல்வித் துறை கல்லூரிகளுக்கு ஒரு மடல் விடுத்தது. முறையீடுகளை விரைந்து விசாரிக்கவேண்டும். குற்றம் நிகழ்ந்திருப்பதே நிகழாததைவிடக் கூடுதலாக ஏற்கத்தக்கது என்று தோன்றினால் போதும். ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றது. நெடுங்காலம் முறையீடுகளை மறைத்துவந்த கல்லூரிகள் விழித்துக்கொண்டன. ஆனால் 2014இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் சட்டப் பேராசிரியர் 28 பேர், தம் பல்கலைக் கழகத்தின் புதிய விதிகளில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நேர்மையான விசாரணை இல்லையென்று கூட்டறிக்கை விடுத்தனர்.

2017இல் அந்த மடல் திரும்பப் பெறப்பட்டது. 2020இல் வந்த விதிகள், இரு தரப்பும் உள்ள நேரடி விசாரணையையும், ஒவ்வொருவரின் ஆலோசகர் எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்வதையும் கட்டாயமாக்கின. குறுக்கு விசாரணைக்கு அஞ்சியே பெண்கள் முறையிடத் தயங்குவர் என்று பலர் வருந்தினர். 2024இல் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. 2025 சனவரியில் நீதிமன்றம் அந்தத் தளர்வைச் செல்லாதென்றதால் 2020ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ஆட்சி மாறும்போதெல்லாம் விதி மாறுகிறது. நடுவே தவிப்பவர் இளம் மாணவர்.

இப்பூசலைப் படிக்கும்போதெல்லாம் தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று நாம் வாசிக்கக் கேட்கும் சூசன்னாவின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் தனித்திருந்த அவளிடம் முதியோர் இருவர், நீதி வழங்கும் பதவியிலிருந்தவர்கள், இணங்கு என்று மிரட்டினர். இணங்காவிடில் பொய்ப்பழி சுமத்துவோம் என்றனர். அவள் மறுத்தாள், கூக்குரலிட்டாள். மறுநாள் சபை கூடியது. முதியோரின் பதவியை எண்ணி மக்கள் அவர்களை நம்பினர். விசாரணையின்றியே அவளுக்கு மரண தண்டனை விதித்தனர். அப்போது தானியேல் என்னும் இளைஞர் எழுந்து தடுத்தார். சாட்சிகள் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்டார். இருவரும் வெவ்வேறு மரத்தைக் கூறினர்.

சூசன்னா தொல்லைக்குள்ளான பெண். அவள் குரலை எவரும் கேட்கவில்லை. அதே வேளையில் பொய்க் குற்றம் சாட்டப்பட்டவளும் அவளே. அவளுக்கு விசாரணையும் இல்லை. முறையிடுபவருக்குச் செவிகொடு என்பாரும், குற்றஞ்சாட்டப்பட்டவரை விசாரியாமல் தண்டியாதே என்பாரும் இன்று எதிரெதிர் அணியில் நிற்கின்றனர். இவ்விரு கோரிக்கையும் ஒரே பெண்ணின் உரிமையாய் அங்கே நிற்பதைக் காண்கிறோம். இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே: பொறுமையோடும் அறிவோடும் கேட்கும் செவி.

ஒரு சேசுசபைப் பல்கலைக் கழகம்

பாலியல் குறித்த விவாதம் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களையும் விட்டுவைக்கவில்லை. வாசிங்டனில் சேசுசபையார் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகத்தில், ஒருபால் ஈர்ப்புடைய மாணவர் அமைத்த சங்கத்தை ஏற்க நிர்வாகம் மறுத்தது. 1980இல் மாணவர் வழக்காடினர். 1987இல் மேல்முறையீட்டு மன்றம், பல்கலைக் கழகம் தன் சமயக் கொள்கைக்கு மாறாக அச்சங்கத்தைப் பாராட்டி ஏற்கவேண்டியதில்லை; ஆனால் பிற சங்கங்களுக்குத் தரும் அறையும் வசதிகளும் அதற்கும் தரவேண்டும் என்றது. நிறுவனத்தின் மனச்சான்றும் மாணவரின் உரிமையும் ஒருங்கே மதிக்கப்பட்டன. 2008இல் அத்தகைய மாணவருக்குத் துணைநிற்க அப்பல்கலைக் கழகமே ஒரு மையத்தைத் திறந்தது. போதனையை விட்டுக்கொடாமலும் பிள்ளையைப் புறந்தள்ளாமலும் நடப்பது கடினமே. ஆயினும் பெற்றோருக்கும் குருக்களுக்கும் அதுவே கடமை.

நம்மிடையே

இவையெல்லாம் அமெரிக்காவின் சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. 1997இல் விசாகா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் பணியிடங்களுக்கு நெறிமுறை வகுத்தது. 2013இல் சட்டம் வந்தது. 2015இல் பல்கலைக் கழக மானியக் குழு கல்லூரிகளுக்கென விதிகள் வெளியிட்டது. கல்லூரிகளில் முறையீட்டுக் குழு இருக்கவேண்டும். அதற்கு மூத்த பெண் ஒருவர் தலைமை தாங்கவேண்டும். முறையீட்டை மூன்று மாதங்களுக்குள் தருவது முறை. மெய்ப்பிக்க முடியவில்லை என்பதாலேயே முறையீடு பொய்யாகிவிடாது என்றும் சட்டம் கூறுகிறது. நம் பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் அக்குழுவில் உள்ளவர் யாவர் என்பதைப் பெற்றோர் சேர்க்கையின்போதே கேட்டறிவது நன்று.

அமெரிக்கக் கல்லூரிகளைக் குறைகூறும் தகுதியும் நமக்கு எளிதில் வாய்ப்பதில்லை. 2002இல் பாஸ்டன் மறைமாவட்டத்தில் வெளிப்பட்ட செய்திகள் நம்மைத் தலைகுனிய வைத்தன. சிறுவர் அழுதபோது திருச்சபையின் பொறுப்பாளரே செவியை மூடிக்கொண்டிருந்தனர். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைமாவட்டந்தோறும் முறையீடு செய்ய எளிய வழி அமைக்கவேண்டும் என்றும், அறிந்ததைக் குருக்களும் துறவியரும் மேலிடத்திற்குத் தெரிவிப்பது கட்டாயம் என்றும் ஆணையிட்டார். 2023இல் அது நிலையான சட்டமாயிற்று. மிகவும் காலந்தாழ்ந்து நாம் கற்ற பாடம் இது.

மீண்டும் அந்த மாலைக்கு வருவோம். இவற்றுள் சிலவற்றை அந்தத் தந்தையிடம் கூறியபின், "இந்தத் தாள்களைப்பற்றி உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டீர்களா?" என்றோம். அவர் கேட்டிருக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

சற்று நேரம் அவள் தரையைப் பார்த்தவாறே இருந்தாள். பிறகு மெல்லப் பேசினாள். எட்டாம் வகுப்பு படிக்கையில், டியூசன் எடுத்த ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்றாள். ஒரு பருவம் முழுவதும் அது தொடர்ந்ததாம். "ஏனம்மா எங்களிடம் சொல்லவில்லை?" என்று தந்தை பதறினார். "சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன், அப்பா. இந்தத் தாளில் யாரிடம் சொல்லவேண்டும் என்று பெயரும் எண்ணும் போட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அப்படி ஒருவரும் இல்லை" என்றாள்.

தந்தை வெகுநேரம் வாய்திறக்கவில்லை. பின்பு எழுந்து சென்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். தாள்கள் மேசைமேல் கிடந்தன. புறப்படும்போது அவரே அவற்றை எடுத்து அடுக்கி மகளிடம் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதத்தில் அவள் அமெரிக்கா சென்றாள். வாரந்தோறும் வீட்டோடு பேசுகிறாள். முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள் என்று தாய் கூறுகிறார். இதை எழுத அவளிடம் இசைவு கேட்டோம். "எழுதுங்கள் சாமி, வேறொரு வீட்டிலாவது பிள்ளையைக் கேட்பார்கள்" என்று பதில் வந்தது.